இரண்டு லாபம்

வாய்க்கால் கரையில் பூரணி அம்மாவின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு சாமான் அறை, வாசலில் ஒரு புங்கமரம். மதியம் ஒரு வேளை, வந்தவர் யாராக இருந்தாலும் இலை உண்டு. அம்மாவின் பேச்சைக் கேட்க வருகிறவர்களைவிட அம்மாவின் சாம்பாருக்காக வருகிறவர்கள்தான் அதிகம். அம்மா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அம்மாவின் சீடர் சிதம்பரநாதன், அம்மாவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மகன் வீட்டுத் தொலைக்காட்சிக்கு எதிரே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தார். அவர் அம்மாவை ‘அம்மா’ என்பார். அம்மா அவரை ‘அண்ணே’ என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவதுண்டு.

வந்த புதிதில் அவர் மந்திரம் கேட்டார். அம்மா சாமான் அறைச் சாவியைக் கொடுத்தார். முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதில் ஒரு பெருமை வந்துவிட்டது.

வாய்க்காலுக்கு அக்கரையில் அரசு ஆஸ்பத்திரி. நோயாளிக்கு அங்கே சாப்பாடு கிடைக்கும். துணைக்கு இருக்கிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் சிதம்பரநாதன் அந்தப் பக்கம் போனபோது, ஒருவர் காய்ந்த பன்னைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே படுத்திருந்தாள். பன்னில் பாதியைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மடத்தில் சிதம்பரநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே அம்மாவிடம் போனார்.

“சாயங்காலம் அங்க கஞ்சி ஊத்தலாமாம்மா?”

“ஊத்தலாமேண்ணே,” என்றார் அம்மா. “எதுலேர்ந்து?”

அந்த ‘எதுலேர்ந்து’தான் அவரைப் பைபாஸ் சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

பைபாஸில் புதிதாக ஒரு தள்ளுபடிக் கடை திறந்திருந்தார்கள். கடை என்று சொல்வதா, கிடங்கு என்று சொல்வதா தெரியாது. எந்தச் சாமானை எடுத்தாலும் அச்சிட்ட விலைக்குக் கீழேதான். சிதம்பரநாதன் முதல் நாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். துவரம்பருப்பு விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த மனிதருக்கு அந்த அலமாரிகளின் நடுவே நடப்பது கோயில் பிராகாரம் சுற்றுவது மாதிரி இருந்திருக்க வேண்டும். எண்ணெயில் இவ்வளவு, சர்க்கரையில் இவ்வளவு, அரிசியில் இவ்வளவு மிச்சம் என்று மனதுக்குள்ளேயே கூட்டினார். கஞ்சிக்கு வழி பிறந்துவிட்டது.

வழி பிறந்தது என்றால் சும்மா பிறக்கவில்லை. போக இரண்டு பஸ் மாற வேண்டும். கடைக்குள் தள்ளுவண்டி கிடைக்கும், ஆனால் அதன் ஒரு சக்கரம் எப்போதும் வேறு திசைக்குப் போகும். பில் போடுகிற வரிசையில் நின்றால் கால் கடுக்கும். திரும்பும்போது சுமையை ஏற்ற ஆட்டோ வைத்தாக வேண்டும். காலையில் அம்மாவோடு புங்கமரத்தடியில் கண்மூடி உட்காரும் வழக்கம் அந்த நாட்களில் தவறிப்போகும்.

“காலையில காணோமேண்ணே?” என்று அம்மா ஒரு நாள் கேட்டார்.

“வரிசையில நின்னுட்டிருந்தேம்மா.”

“அங்கேயும் அசையாம நிக்கணும்தானே. பரவாயில்ல, அதுவும் தியானம்தான்.”

சாமானின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உப்பும் எண்ணெயும் சோப்பும் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பருப்புதான் படுத்தியது. அடுப்பில் ஏற்றினால் இறங்கவே மனசில்லாமல் கிடக்கும். “இது பிடிவாதக்காரப் பருப்பா இருக்கேண்ணே” என்று சொல்லி அம்மா விறகைத் தள்ளிவிடுவார். புளியில் பாதி கொட்டை. போதாக்குறைக்கு, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அட்டையைப் பார்த்துவிட்டு சிதம்பரநாதன் ஒரு பெட்டி சேமியா வாங்கி வந்துவிட்டார். அந்த மாதம் முழுக்க மடத்தில் இலைக்கு இலை சேமியா உப்புமா விழுந்தது. சாப்பிட வருகிறவர்கள், “இன்னைக்கும் புழுவா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் கஞ்சி தொடங்கிவிட்டது. அது பொய்யில்லை. முதல் நாள் தூக்கு வாளிகளோடு வந்து நின்றவர்களைப் பார்த்தபோது சிதம்பரநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. பன் நனைத்த மனிதர் வரிசையில் இல்லை. ஊருக்குப் போய்விட்டாராம். மனைவி பிழைத்துத்தான் போனாள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அதைக் கேட்டுச் சிதம்பரநாதன் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணாச்சி கடை ஒன்றைத் தவிர.

மடத்துக்குப் போகிற தெருவின் முனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது. அண்ணாச்சி இறந்து சில வருஷமாகிவிட்டது. அவர் மனைவி தங்கபுஷ்பம்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஊர் என்னவோ இன்னும் அண்ணாச்சி கடை என்றுதான் சொல்கிறது. அவளும் திருத்துவதில்லை. மடத்துக்கு ஆரம்ப நாளிலிருந்து சாமான் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. அந்தச் சின்னக் கடைக்கு மடத்துச் சாமான்தான் பெரிய வியாபாரம் என்பது சிதம்பரநாதனுக்குத் தெரியும். கணக்கெழுதினவருக்கு அதுகூடத் தெரியாமல் போகுமா?

தெரிந்ததனால்தான் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. மாதம் பிறந்து பத்து நாள் ஆகியும் மடத்திலிருந்து சாமான் சீட்டு வரவில்லையே என்று அவள் கேட்டபோது, அவர் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

“மடத்துல இப்பக் கொஞ்சம் கஷ்டம்மா. சமையலக் குறைச்சிட்டோம்.”

தங்கபுஷ்பம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அம்மா சாப்பிடுதாகளா?”

சிதம்பரநாதன் தலையை ஆட்டினார். அடியோடு நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று, வாரத்துக்கு ஐந்து படி அரிசி மட்டும் அளக்கச் சொன்னார்.

அந்தக் கடையில் மற்றதெல்லாம் தராசில்தான் நிறுப்பார்கள். அரிசி மட்டும் படி. அண்ணாச்சி வைத்த பழக்கம். அளக்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை, ‘லாபம்’ என்றுதான் சொல்வார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் புதுமை ஒன்றும் கிடையாது.

தங்கபுஷ்பம் பையை விரித்தாள். “லாபம்” என்று ஒரு படி போட்டாள். பிறகு கை நின்றது. மழை எப்போது வரும் என்றோ, ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்திருக்கிறாராமே என்றோ ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி படியை அள்ளி, “லாபம்” என்றாள். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று முடித்தாள்.

பையில் ஆறு படி இருந்தது.

சிதம்பரநாதன் கவனித்தார். கணக்கர் கண்ணுக்கு அது தப்பாது. பாவம், அண்ணாச்சி போனதிலிருந்து இந்த அம்மாவுக்கு நினைவு ஒரு நிலையில் இல்லை என்று நினைத்துக்கொண்டார். சொல்லியிருக்கலாம். பணி செய்த காலத்தில் அடுத்தவர் கணக்கில் பைசா பிசகினாலும் விடாத மனிதர். அன்று என்னவோ, ஐந்து படிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஆறு படியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கஞ்சிக்குத்தானே போகிறது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னார்.

அடுத்த வாரமும் அவள் பேச்சுக் கொடுத்தாள், அடுத்த வாரமும் இரண்டு லாபம் வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். தப்பு ஒரு தடவை வந்தால் தப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்தால் கணக்கர் யோசித்திருக்க வேண்டும். அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் மனதுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்னவோ.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு நாள் பைபாஸ் கடையில் பில் போடுகிற இடத்தை நோக்கிச் சிதம்பரநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரிசையில் ஒரு பழக்கப்பட்ட முதுகு தெரிந்தது. தங்கபுஷ்பம். அவள் வண்டியில் ஓர் அரிசி மூட்டை மட்டும் இருந்தது.

பக்கத்தில் பிளாஸ்டிக் வாளிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர், நெற்றி நிறைய விபூதியோடு, அந்த வாளிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தன் வண்டியில் இருந்த சாமான்களைப் பார்த்தாலே போதும், மடத்தில் எவ்வளவு சமையல் குறைந்திருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்வாள்.

பில் போடுகிற பெண் அவளை அடையாளம் தெரிந்துவைத்திருந்தாள்.

“ஏங்க்கா, கடை வச்சிருக்கிற நீங்களே இங்க வந்து வாங்குறீங்களே?”

“என்ன செய்ய தாயி. மண்டியில எனக்கு விழுத வெலைய விட இங்க கம்மியால்லா இருக்கு.”

“அப்ப உங்களுக்கு லாபம்தான்.”

“எனக்கு எங்க லாபம்,” என்று தங்கபுஷ்பம் சிரித்தாள். பிறகு அந்தப் பெண் கேட்காமலே சொன்னாள். “கரை மடத்துல சமையலக் கொறச்சிட்டாகளாம். எத்தன பேருக்குச் சோறு போட்ட எடம். சும்மா குடுத்தா அங்க இருக்க கணக்குப்பிள்ள அண்ணன் வாங்க மாட்டாக. மானஸ்தரு. அதான் லாபத்த ரெண்டு மட்டம் சொல்லி அளந்து விட்டுருதேன். இங்க வாங்குனா அதுக்குத் தோதா இருக்கு. பாவம், அவுகளுக்கு அது தெரியாது.”

வாளிகளுக்குப் பின்னால் நின்றவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. ‘மானஸ்தர்’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் அவர் வெளியே வரவில்லை. வாளி வாங்க வந்த ஒருவர், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா சார்” என்ற பிறகுதான் நகர்ந்தார்.

சாமான்களுக்குப் பணம் கட்டினார். ஆட்டோ பிடித்தார். மூட்டைகள் எல்லாம் இருக்கைக்குப் பின்னால் ஏறின. ஆட்டோ கிளம்பியதும், சற்றுத் தூரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் தங்கபுஷ்பம் நின்றிருப்பது தெரிந்தது. அங்கே நிழற்குடை கிடையாது. மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிதம்பரநாதன் கீழே விழுந்த எதையோ எடுக்கிறவர் போலக் குனிந்துகொண்டார். ஆட்டோ அவளைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

அன்று சாயங்காலமும் கரண்டியைப் பிடித்துக் கஞ்சி ஊற்றினார். தன் அம்மாவை வார்டில் சேர்த்திருந்த ஒரு பெண், “நேத்தவிட இன்னைக்கு நல்லா இருக்குங்கய்யா” என்றாள். எந்த அரிசி நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே பானையில்தான் கொட்டி வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா கிணற்றடியில் கஞ்சி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரநாதன் போய்ப் பக்கத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அம்மா ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தார்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கடையில் சொன்ன பொய், ஆறாவது படி, வாளிகள், பில் போடுகிற இடத்தில் கேட்ட பேச்சு, பஸ்ஸுக்கு நின்றவள், தான் குனிந்தது, எல்லாம்.

சொல்லி முடித்ததும் அவருக்குள் இருந்த கணக்கர் எழுந்துகொண்டார். இரவெல்லாம் புரண்டு புரண்டு போட்ட கணக்கை அம்மா முன்னால் வைத்தார். பைபாஸ் கடையை விட்டுவிட்டால் கஞ்சி நின்றுவிடும், ஆஸ்பத்திரி வாசலில் பசித்திருப்பவர்களுக்கு என்ன பதில்? விடாமல் இருந்தால் அண்ணாச்சி கடை எத்தனை நாள் தாங்கும்? பாதி அங்கே பாதி இங்கே என்று வாங்கலாம். பருப்பும் புளியும் இங்கே, உப்பும் எண்ணெயும் அங்கே. அலைச்சலையும் ஆட்டோச் செலவையும் கழித்துப் பார்த்தால் அதுதான் சரியாக வருகிறது. ஆனால் அப்படிச் செய்தால் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், அவள் தன் கையிலிருந்து போட்ட அரிசி எல்லாம் ஏமாந்து போட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் போட்டுக்கொண்டே இருப்பாள்.

“எந்தப் பக்கம் பார்த்தாலும் இடிக்குதும்மா. நான் எங்க வாங்கணும்? நீங்களே சொல்லிடுங்க.”

அம்மா அண்டாவைக் கவிழ்த்தார். தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடியது.

“எங்க வேணும்னாலும் வாங்குங்கண்ணே.”

“அப்படிச் சொன்னா எப்படிம்மா?”

“ரெண்டு கடையும் நல்ல கடைதான். இங்கேயும் அரிசி, அங்கேயும் அரிசி.” அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “அவங்க அந்த மூட்டையை எப்படி வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாங்க?”

“பஸ்ஸுலதான் போயிருப்பாங்க. ரெண்டு பஸ் மாறணும்.”

“பஸ் உடனே வந்துச்சா?”

“தெரியலம்மா. நான் பாக்கும்போது நின்னுட்டிருந்தாங்க. உச்சி வெயிலு.”

அம்மா அவருக்கு எதிரே வந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார்.

“ஆட்டோவுல இடம் இருந்துச்சாண்ணே?”

சிதம்பரநாதன் மறுபடி குனிந்துகொண்டார்.